2 இன்ச் போதும் மாப்ள!

பதிவு போட்டு மூணு மாசம் ஓடிப்போச்சு. தீசிஸ் ஆணி ஒரு பக்கம், முதல் வருஷப் பசங்க பேப்பர் திருத்துற ஆணி இன்னொரு பக்கம். நடுவுல எங்க அபார்ட்மென்ட்டுல ஒரு மாசம் பெரிய பஞ்சாயத்து வேற. வாடகைப் பங்கு இல்லை, யார் பாத்திரம் கழுவுறதுங்கிறதும் இல்லை. எங்க ஜீப்பை எத்தனை இன்ச் தூக்குறதுங்கிறதுதான் பஞ்சாயத்து.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. நான் இருக்கிறது யூட்டா மாநிலத்துல, சால்ட் லேக் சிட்டி. படிக்கிறது ஜியாலஜி. ரூம்மேட் பாஷையில 'கல்லு பொறுக்குற படிப்பு'. அவன் மெக்கானிக்கல், கோயமுத்தூர்க்காரன். இந்தப் பதிவுல அவன் பேரு கோயமுத்தூரான், அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி காசு போட்டு ஒரு பழைய ஜீப் செரோக்கி வாங்கினோம், 1999 மாடல். எக்ஸ்.ஜே.ன்னு சொல்வாங்க. 1984ல இருந்து 2001 வரைக்கும் இந்த உருவத்துல வந்தது. பொட்டி மாதிரி இருக்கும். 4 லிட்டர், வரிசையா ஆறு சிலிண்டர். முன்னாடி காயில் ஸ்பிரிங், பின்னாடி நம்ம ஊர் ஜீப் மாதிரியே பட்டை. ரெண்டு பக்கமும் ஒரே தண்டா ஆக்ஸில்.

இங்கிருந்து நாலு மணி நேரம் தெற்கே போனா மோவாப். சிவப்புப் பாறை, மண் ரோடு, பாறை மேலேயே வண்டி ஓட்டுற தடங்கள். அங்க 1967ல இருந்து ஈஸ்டர் சமயத்துல ஜீப் திருவிழாவே நடக்குது. ஒரு தடவை போய் வேடிக்கை பார்த்துட்டு வந்தோம். அங்கதான் கோயமுத்தூரானுக்குக் கிறுக்கு பிடிச்சது. திரும்பி வந்ததும் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுறான். 4.5 இன்ச் லிஃப்ட், 33 இன்ச் டயர்.

"மாப்ள, இது போட்டா நம்ம வண்டி எங்க வேணாலும் ஏறும்டா."

"ஏறும்டா. ஆனா திங்கக்கிழமை காலையில பனியில லேப்புக்கும் இதே வண்டிதான் போகணும்."

இப்படி ஆரம்பிச்சதுதான்.

லிஃப்ட்னா என்ன கிடைக்குது?

நானும் முதல்ல எல்லாரையும் மாதிரி, வண்டியைத் தூக்கினா அடியில இருக்கிற எல்லாமே மேல போயிடும்னு நினைச்சேன். இல்லைங்க. இந்த மாதிரி தண்டு ஆக்ஸில் வண்டியில ஆக்ஸில் உட்கார்ந்திருக்கிறது டயர் மேல. ஸ்பிரிங் இருக்கிறது ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் நடுவுல. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் பாடிதான் மேல போகும். ஆக்ஸிலும் அதுக்கு நடுவுல தொங்குற டிஃபரன்ஷியல் உருண்டையும் இருந்த இடத்துலயே இருக்கும். பாறை முதல்ல இடிக்கிறது பெரும்பாலும் அந்த உருண்டையைத்தான்.

அந்த உருண்டையை மேல கொண்டு போக ஒரே வழி பெரிய டயர். அதுவும் பாதிதான் கிடைக்கும். எங்க வண்டியோட கம்பெனி டயர் 225/75 ஆர் 15. கணக்குப் போட்டா விட்டம் 28.3 இன்ச். 30 இன்ச் டயர் போட்டா விட்டம் 1.7 இன்ச் கூடும். ஆக்ஸில் அதுல பாதி, 0.85 இன்ச் மேல போகும். 31 போட்டா 1.35. கோயமுத்தூரானோட 33க்கு 2.35. இதுக்குத்தான் இவ்வளவு ஆட்டமும்.

அப்ப லிஃப்ட் எதுக்கு? ரெண்டு விஷயத்துக்கு. ஒண்ணு, பெரிய டயர் மட்கார்டுல உரசாம இருக்க இடம் வேணும். ரெண்டு, மேட்டுல ஏறி இறங்கும்போது வண்டியோட மூக்கு, வயிறு, வால் மூணும் தரையில தட்டாம இருக்கணும். எக்ஸ்.ஜே.க்கு பெட்ரோல் டேங்க் பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி தொங்குது. அதனால வால் தட்டுறது சும்மா விளையாட்டில்லை.

ஆக, கேள்வியே 'எத்தனை இன்ச் தூக்கலாம்' கிடையாது. எந்த ரோட்டுக்குப் போகப் போறோம், அதுக்கு எந்த டயர் வேணும், அந்த டயருக்கு எவ்வளவு இடம் வேணும். இந்த வரிசையில கேட்கணும். நாங்க (சரி, அவன்) தலைகீழா கேட்டுட்டு இருந்தோம்.

நாங்க போக ஆசைப்பட்டது என்னென்ன? சான் ரஃபேல் ஸ்வெல்லுல என் ஃபீல்ட் வேலைக்கான மண் ரோடுகள். கேன்யன்லேண்ட்ஸ்ல 100 மைல் சுத்து வர்ற ஒயிட் ரிம் ரோடு. தைரியம் வந்தா மோவாப் பாறைத் தடங்கள்ல சுலபமானது ஒண்ணு. ஒயிட் ரிம்முக்கு பார்க் நிர்வாகம் கேட்கிறது உயரமான, லோ கியர் உள்ள ஃபோர் வீல் டிரைவ். லிஃப்ட் வேணும்னு கேட்கவே இல்லை. இதைக் காட்டினதும் கோயமுத்தூரான் ஒரு நாள் முழுக்க பேசல :-)

4.5 இன்ச்சுக்குப் பின்னாடி வர்ற கூட்டம்

லிஃப்ட் கிட் விளம்பரத்துல ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான் படமா இருக்கும். கூட வர்ற மச்சான், மாமன், சித்தப்பாவை எல்லாம் காட்ட மாட்டாங்க. நான் ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன்.

முதல்ல பின் ஷாஃப்ட். ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போற ஷாஃப்ட், வண்டி உயர உயர செங்குத்தாகும். ஜாயின்ட்டுகளோட கோணம் ஜாஸ்தியாகி அதிர ஆரம்பிக்கும். எக்ஸ்.ஜே.ல 2 இன்ச் வரைக்கும் பெரும்பாலும் தொல்லை வராது. 3 இன்ச்சுல சில வண்டி அதிரும், சிலது அதிராது. 4.5ன்னா ட்ரான்ஸ்ஃபர் கேஸோட வால் பகுதியையே மாத்தி, வேற ஷாஃப்ட் போடறதுதான் சரியான வைத்தியம். சில நூறு டாலர் அதுக்கே போயிடும். ட்ரான்ஸ்ஃபர் கேஸை ஒரு இன்ச் கீழ இறக்குற குறுக்கு வழி ஒண்ணு இருக்கு. ஆனா காசு கொடுத்து வயித்தைத் தூக்கிட்டு, அதே வயித்தை மறுபடி இறக்குறதுல என்ன லாபம் சொல்லுங்க?

ரெண்டாவது முன் ஆக்ஸில். அது இடம் வலம் நகராம பிடிச்சுக்க ட்ராக் பார்னு ஒரு கம்பி இருக்கு. ஒரு முனை டிரைவர் பக்கம் பாடியில, மறு முனை எதிர்ப்பக்கம் ஆக்ஸில்ல. வண்டி உயர்ந்தா கம்பி சாயும், மொத்த ஆக்ஸிலையும் டிரைவர் பக்கமா இழுக்கும். 2 இன்ச்சுக்கு கால் இன்ச் அளவுக்கு நகரும்னு கணக்கு வந்தது. 4.5க்கு முக்கால் இன்ச். அப்ப நீளம் மாத்தக்கூடிய கம்பி வாங்கியே ஆகணும்.

மூணாவது, ஆக்ஸிலைத் தாங்குற கன்ட்ரோல் ஆர்ம். எக்ஸ்.ஜே.ல அது குட்டை. உயரம் கூடினா சக்கரம் பின்னால போகும், சக்கரத்தோட சாய்வுக் கோணம் குறையும். அது குறைஞ்சா ஸ்டீயரிங் தானா நேருக்கு வராது, ஹைவேயில வண்டி அலையும். 2 இன்ச்சுன்னா மெல்லிய தகடு வச்சு அலைன்மென்ட்ல சரி பண்ணிடலாம். 4.5க்கு ஆர்மையே மாத்தணும்.

இது போக நீளமான பிரேக் ஹோஸ், ஸ்வே பார் லிங்க், பம்ப் ஸ்டாப். அதுக்கு மேல 33 டயரைச் சுத்த இந்த 3.55 கியருக்கு மூச்சு வாங்கும். முன்னாடி பின்னாடி ரெண்டு ஆக்ஸிலிலும் கியர் மாத்தணும். கூட்டிப் பார்த்தா 2 இன்ச் வேலைக்கு ஆகுற காசுல மூணு மடங்குக்கு மேல. ஸ்டைபண்ட் வாங்குற நாய்களுக்கு இது தேவையா?

இன்னொண்ணு காசுல வராது. அமெரிக்காவுல என்.எச்.டி.எஸ்.ஏ. வண்டி கவிழுற அபாயத்தைக் கணக்கிட ஒரு எளிய எண் வச்சிருக்காங்க. ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல உள்ள அகலத்துல பாதியை, எடை மையத்தோட உயரத்தால வகுக்கணும். எண் சின்னதாச்சுன்னா கவிழ்றது சுலபம். லிஃப்ட் போட்டா மேல் எண் அப்படியே இருக்கும், கீழ் எண் மட்டும் வளரும். எட்டாங்கிளாஸ் பின்னக் கணக்குதான். ஆனா ஐஸ் படிஞ்ச ரோட்டுல திடீர்னு வண்டியைத் திருப்ப வேண்டி வந்தா, அந்தக் கணக்குக்கு நாமதான் விடை.

பஞ்சாயத்து எப்படி முடிஞ்சது?

இவ்வளவு சொல்லியும் அவன் மசியல. "எல்லாரும் போடறாங்களேடா" மட்டுமே அவன் பக்கத்து வாதம். கடைசியில டேப்பை எடுத்துட்டு வெளிய போனேன். டிரைவர் கதவுக்குக் கீழ இருக்கிற விளிம்பை அளந்தேன். 2 இன்ச் லிஃப்ட்டும் 30 டயரும் போட்டா அந்த விளிம்பு கிட்டத்தட்ட 3 இன்ச் உயரும். 4.5 லிஃப்ட்டும் 33 டயரும் போட்டா கிட்டத்தட்ட 7 இன்ச். அதாவது ஒரு முழு மாடிப்படி.

"மே மாசம் கான்வொகேஷனுக்கு எங்கம்மா வர்றாங்கடா. ரெண்டு முட்டியும் தேய்ஞ்சவங்க. இதுல எப்படிறா ஏறுவாங்க?"

அஞ்சு நிமிஷம் வண்டியையே பார்த்துட்டு நின்னான். அப்புறம், "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"ன்னுட்டு உள்ள போயிட்டான். இயற்பியல் தோத்த இடத்துல அம்மா ஜெயிச்சாங்க.

என்ன போட்டோம்?

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சோம், எல்லாரும் செய்யுங்க. சக்கரத்தோட நடு மையத்துல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு மூலையிலயும் அளந்தோம். தரையில இருந்து அளந்தா டயர் காத்து, தேய்மானம் எல்லாம் கணக்கைக் கெடுக்கும். அளந்து பார்த்தா பின்பக்கம் முன்பக்கத்தை விட 1.25 இன்ச் தாழ்ந்து கிடக்கு. கால் நூற்றாண்டு ஆன பட்டை, தளர்ந்து போச்சு. பழைய வண்டி வச்சிருக்கவங்க கவனிங்க, 'லிஃப்ட்'ங்கிற பேர்ல நீங்க வாங்கப்போறதுல பாதி, வண்டி இழந்த உயரத்தைத் திரும்ப வாங்கறதுதான்.

பின்பக்கத்துக்கு மூணு வழி இருக்கு. முதல் வழி, பட்டை தொங்குற ஷேக்கிளை நீளமாக்குறது. ரொம்ப மலிவு. ஆனா 2 இன்ச் நீளம் கூட்டினா 1 இன்ச் உயரம்தான் கிடைக்கும், பட்டையோட ஒரு முனையை மட்டும்தானே தூக்குறோம். தளர்ந்த பட்டை தளர்ந்தேதான் இருக்கும். ரெண்டாவது, இருக்கிற கட்டுக்குள்ள இன்னொரு பட்டை சொருகுறது. குட்டைப் பட்டை சொருகினா வண்டி மரக்கட்டை மாதிரி குதிக்கும். முழு நீளப் பட்டை கொஞ்சம் தேவலை. மூணாவது, மொத்தக் கட்டையும் புதுசா மாத்துறது. விலை ஜாஸ்தி.

போடியில எங்க மாமா ஒருத்தர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப் ஓட்டுறவர். அவர்கிட்ட ஃபோன்ல கேட்டேன். ஒரே வரியில முடிச்சாரு. "பட்டையை ஏத்தினா வண்டியும் தூக்கும், உள்ள இருக்கிற ஆளையும் தூக்கும்டா மாப்ள. நாங்க பதினஞ்சு பேரை ஏத்துறோம், அதுக்குக் கட்டியா வேணும். நீங்க ரெண்டு பேருக்கு எதுக்கு?" சரிதானே. சுமைக்காக ஸ்பிரிங்கைக் கடினமாக்குறது வேற, உயரத்துக்காக மாத்துறது வேற. புதுக் கட்டே வாங்கினோம், 2 இன்ச் உயரம் தர்ற மென்மையான ரகம்.

முன்பக்கம் காயில் நல்லாத்தான் இருந்தது. அதுக்கு மேல 2 இன்ச் ஸ்பேசர். ஸ்பிரிங் அதேதான், அதனால ஓட்டம் மாறாது. ஸ்பேசர்னா கேவலம்னு சில பேர் சொல்வாங்க, கண்டுக்காதீங்க. ஆனா ஷாக் அப்சார்பரை மாத்தாம விட்டுடாதீங்க. பழைய ஷாக்கோட நீளம் அதேதான், ஆனா வண்டி 2 இன்ச் மேல நிக்குது. சக்கரம் பள்ளத்துல இறங்க வேண்டிய நேரத்துல ஷாக் முழுசா நீண்டு 'டொக்'குன்னு நிக்கும். காசு போட்டுத் தூக்கி, சக்கரத்தோட ஆட்டத்தைக் குறைச்ச கதையாயிடும். அதே மாதிரி, ரொம்ப நீளமான ஷாக் வாங்கினா அமுங்கும்போது பம்ப் ஸ்டாப்புக்கு முன்னாடி ஷாக்கே முட்டி உடையும். 2 இன்ச்சுக்குன்னு சொல்லி விக்கிறதையே வாங்குங்க.

கூடவே ட்ராக் பாரும் புதுசு, பழசோட புஷ் நைஞ்சு போயிருந்தது. டயர் 30க்கு 9.5. பார்ட்ஸ் மட்டும், டயர் சேர்க்காம, ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. வேலை நாங்களே, நண்பர் ஒருத்தரோட கராஜ்ல, ரெண்டு சனி ஞாயிறு. துருப்பிடிச்ச பட்டை போல்ட்டோட மல்லுக்கட்டினதுக்கு மட்டும் தனிப் பதிவு போடலாம்.

உயிர் போய் உயிர் வந்த கதை

எல்லாம் முடிஞ்ச மறுநாள் ஐ-15 ஹைவேயில தெற்கே போறோம். நான் ஓட்டுறேன், 60 மைல் வேகம். ஒரு பாலத்தோட இணைப்புல முன் சக்கரம் 'டக்'குன்னு ஏறி இறங்குச்சு. அவ்வளவுதான். ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் வெறி பிடிச்ச மாதிரி அடிக்க ஆரம்பிச்சுது. மொத்த வண்டியும் உதறுது. டேஷ்போர்டுல இருந்த சாமானெல்லாம் கீழ. பின்னாடி ஒரு பெரிய ட்ரக். இதுக்கு இங்க 'டெத் வாபிள்'னு பேரு. அப்பத்தான் அந்தப் பேரு ஏன்னு புரிஞ்சுது. ஸ்டீயரிங்கோட மல்லுக்கு நிக்காம, கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வேகத்தைக் குறைச்சேன். 35க்கு வந்ததும் நின்னுது. ஓரம் கட்டி இறங்கினா ரெண்டு பேருக்கும் கால் நடுங்குது.

கீழ படுத்துப் பார்த்தான். ட்ராக் பாரோட ஆக்ஸில் பக்கத்து போல்ட் கையாலேயே சுத்துது.

"நீ டைட் பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

"நீ பண்ணிட்டேன்னு நான் நெனச்சேன்."

லிஃப்ட் மேல தப்பில்லை, எந்தக் கம்பெனி மேலயும் தப்பில்லை. எங்க ரெண்டு பேர் மேலதான். அதுக்கு அப்புறம் ஒரு சட்டம் போட்டோம். டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்கின ஒவ்வொரு போல்ட் தலையிலயும் வெள்ளை பெயின்ட்ல ஒரு கோடு. கோடு இல்லைன்னா முறுக்கலைன்னு அர்த்தம். 100 மைல் ஓடினதும் யு-போல்ட் உட்பட எல்லாத்தையும் மறுபடி சரிபார்த்தோம். இன்னொரு விஷயம், புஷ் இருக்கிற போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. நாலு சக்கரமும் தரையில நின்ன பிறகுதான். இல்லைன்னா புஷ் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்டீயரிங் டேம்பர் மாத்தினா இந்த உதறல் போயிடும்னு சிலர் சொல்வாங்க. அது வலியை மறைக்கிற மாத்திரை, நோய் வேற இடத்துல இருக்கும்.

அப்புறம் ஒழுங்கா அலைன்மென்ட் பண்ணினோம். பெரிய டயரால ஸ்பீடாமீட்டர் 6 சதவீதம் குறைவா காட்டுது. முள் 65ல நின்னா நிஜத்துல 69. போலீஸ் மாமாகிட்ட இந்தக் கணக்கு செல்லாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல ஒரு குட்டி பிளாஸ்டிக் பல்சக்கரம் மாத்தினதும் சரியாச்சு. உயரத்துக்கும் பம்பருக்கும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற. உங்க மாநிலத்துல என்னன்னு பாருங்க, இன்ஷ்யூரன்ஸ்லயும் சொல்லிடுங்க.

மே மாசம்

அம்மா வந்தாங்க. கான்வொகேஷன் முடிஞ்ச வாரம் மோவாப் கூட்டிட்டுப் போனோம். கோயமுத்தூரான் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை வாங்கி டிக்கியில போட்டு வச்சிருந்தான். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் அவனே இறங்கிப் போய் அம்மா கதவுக்குக் கீழ வைக்கிறான். 4.5 இன்ச் கேட்ட அதே ஆளு!

கேன்யன்லேண்ட்ஸ்ல ஷேஃபர் ட்ரெய்ல்னு ஒரு ரோடு. செங்குத்தான பாறைச் சுவர்ல வளைஞ்சு வளைஞ்சு சுமார் 1,500 அடி கீழ இறங்கும். ஓரத்துல தடுப்பு கிடையாது. லோ கியர் போட்டு, பிரேக்கைத் தொடாம, எறும்பு மாதிரி இறங்கினோம். பின்பக்கப் புதுப் பட்டை ஒரு சத்தம் போடல. நான் கண்ணாடியில அம்மாவையே பார்த்துட்டு இருந்தேன். பயப்படறாங்களோன்னு.

பாதி வழியில அம்மா கேட்டாங்க. "ஏண்டா, இது போடிமெட்டு ரோடு மாதிரிதானே இருக்கு? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

கோயமுத்தூரான் சிரிச்ச சிரிப்பு இன்னும் அந்தப் பாறையில எதிரொலிச்சுக்கிட்டு இருக்கும்.

டிஸ்கி: அவன் ஆகஸ்ட்டுல வேலைக்கு டெட்ராய்ட் போறான். வண்டியில அவன் பாதியை என்கிட்டயே கொடுத்துட்டான். முக்காலியை மட்டும் எடுத்துட்டுப் போறானாம். அவங்கம்மா டிசம்பர்ல வர்றாங்க.